எட்டாவது தோட்டா

2024 ஜனவரியில் இரண்டு வாரம் என் வலது கட்டைவிரல் சதையில் இரண்டு கோடுகள் இருந்தன. இணைகோடுகள் மாதிரி, நடுவில் சரியாகக் கால் அங்குலம் விட்டு, சிவப்பாக. கேட்டவர்களிடமெல்லாம் ஜீப் கதவில் நசுங்கிவிட்டது என்றேன். சேலத்தில் எங்களிடம் மிளகு எடுக்கிற வியாபாரியிடமும் அதைத்தான் சொன்னேன், ஏற்காட்டில் பால் ஊற்ற வரும் அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அரை மணி நேரம் நின்று பேச வேண்டியிருக்கும். அதைவிடக் கதவு சுலபம்.

உண்மை இதுதான். ஒரு பிஸ்டல் மேகசினில், அதாவது தோட்டாக்களை ஒரு ஸ்பிரிங் மேல் அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகும் பெட்டியில், எட்டாவது தோட்டாவைப் போட முயற்சி செய்து தோற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடுகள் மேகசின் வாயின் இரண்டு உதடுகள். 8 போடும் மேகசின், 7 வரைக்கும் எப்படியோ போய்விடும். எட்டாவதை வைத்து அழுத்தினால் கல் மேல் அழுத்துவது போல இருக்கும். இதை ஒரு பிரச்சினை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பிஸ்டலை யாரும் யார் மேலும் நீட்டியதில்லை, இனி நீட்டப் போவதுமில்லை. 7 இருந்தால் என்ன, 8 இருந்தால் என்ன? ஆனாலும் விட முடியவில்லை. ஏனென்றால் எனக்குப் பன்னிரண்டு வயதில் இருந்து அப்பா ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்: "எட்டுன்னு போட்டிருந்தா ஏழுதான் போடோணும் கண்ணு. ஒன்னு குறைச்சுக்கோணும்."

சனிக்கிழமைச் சம்பளம்

எங்களுடையது சின்ன காப்பித் தோட்டம். சேர்வராயன் மலையில் காப்பி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. அந்த இருநூறு வருஷத்தில் முக்கால்வாசிக்கு மேல் சம்பளம் என்றால் ரொக்கம்தான். அப்பா வெள்ளிக்கிழமை மலை இறங்கி, சேலத்தில் பேங்கில் பணம் எடுத்து, சில்லறை மாற்றி, சாயந்திரம் கோரிமேடு தாண்டி மலை ஏறுவார். 20 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் பத்தாவது வளைவுக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். ஜீப்பில் ஒரு டிரைவர், ஒரு துணிப்பை, அப்பாவின் இடுப்பில் ஒரு .32 வால்தர் பிபி பிஸ்டல். சனிக்கிழமை மதியம் மேஸ்திரி பேர் படிக்கப் படிக்கப் பணம் போய்ச் சேரும். ஞாயிறு சந்தை.

அந்த வால்தரை அப்பா 1981இல் தோட்டம் விற்றுவிட்டு ஊருக்குப் போன ஒருவரிடம் இருந்து லைசென்ஸ் மாற்றி வாங்கினார். அப்புறம் சில வருஷத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைப் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதோடு அந்தப் பழசெல்லாம் நகை மாதிரி ஆகிவிட்டது. .32 என்ற தோட்டா ரகம் ஏன் என்றால், 9 எம்எம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம், ராணுவத்துக்கும் போலீசுக்கும்தான். சாதாரண ஆளுக்கு .32தான் கிடைக்கும்.

இப்போது சம்பளம் எல்லாம் அக்கவுண்ட்டில் போகிறது. போனில் நான்தான் போடுகிறேன். துப்பாக்கிக்கு வேலை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் 2016 ஆயுத விதிகளில் ஒரு வசதி இருக்கிறது. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். அப்பாவுக்கு 2023இல் 70. அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். சரி, என் பேரில் மாற்றுங்கள் என்றேன். பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் நடை எல்லாம் முடிந்து கையில் வந்தபோது வருஷக் கடைசி.

ஒன்று குறை

அப்பாவிடம் "ஏன் ஒன்னு குறைக்கணும்?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஸ்பிரிங். எப்போதும் முழுசாக அமுக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துப்போகும். அதற்கு அவரிடம் இரண்டு சாட்சி உண்டு.

முதல் சாட்சி, பழம் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது களத்து ஓரத்தில் ஒரு பலா மரத்தில் அது தொங்கும். காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில் சாயந்திரம் ஒவ்வொருவருடைய கூடையும் அதில் ஏறி இறங்கும். ஒரு நாள் யாரோ ஒரு மூட்டையை அதில் மாட்டிவிட்டு மறந்து போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால், மூட்டையை எடுத்த பிறகும் முள் சைபருக்கு வரவில்லை. இரண்டு கிலோவில் நின்றது. ஒன்றுமே மாட்டாமல் இரண்டு கிலோ! பறிக்கிற பெண்களுக்கு அது நல்ல வாரம். அப்பாவுக்கு அது வாழ்நாள் பாடம்.

இரண்டாவது சாட்சி, மிலிட்டரித் தாத்தா. அவர் பேர் எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் தோட்டத்துக்கு வாட்ச்மேனாக வந்தவர். 1965 சண்டையில் பிரென் துப்பாக்கி வைத்திருந்தவர். பிரென் என்பது துப்பாக்கிக்கு மேலே வளைந்து நிற்கும் மேகசின் வைத்த எல்எம்ஜி, இலகு ரக இயந்திரத் துப்பாக்கி. அந்த மேகசினில் 30 ரவுண்டு, அதாவது தோட்டா, போகும். ஆனால் 28க்கு மேல் போடக் கூடாது என்று அவர்களுக்குப் பாடம். முப்பதையும் திணித்தால் ஸ்பிரிங் திணறும், ரவுண்டு சிக்கும். அது இந்தியாவில் மட்டும் இல்லை, பிரென் போன பட்டாளத்தில் எல்லாம் இருந்த வழக்கம். அப்பா பிஸ்டல் வாங்கிய புதிதில் தாத்தாதான் அதைத் துடைக்கவும் பிரிக்கவும் சொல்லிக் கொடுத்தார். "முப்பதுக்கு இருபத்தெட்டுங்க. எட்டுக்கு ஏழு வெச்சுக்கோங்க" என்று அவர் கணக்குச் சொன்னதாக அப்பா சொல்வார். விகிதம் சரியாக வரவில்லையே என்று நான் ஒரு முறை கேட்டேன். முப்பதுக்கு இரண்டு என்றால் எட்டுக்கு அரைதான் வருகிறது. அப்பா பதில் சொல்லவில்லை. அரைத் தோட்டாவை எங்கே போய் வாங்குவது.

மிலிட்டரித் தாத்தா சொன்னதில் இன்னொன்றும் உண்டு. அது நூற்றுக்கு நூறு சரி. பிரெனுக்குப் போடும் .303 ரவுண்டின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே வைக்கும் ரவுண்டின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், மேகசினே பூட்டிக்கொள்ளும். .32க்கும் அந்த விளிம்பு கொஞ்சம் உண்டு. தோட்டாவின் உடம்பு 8.5 மில்லிமீட்டர், அடி விளிம்பு 9.1. அந்த அரை மில்லிமீட்டர் போதும், வம்பு செய்ய. ஆகவே ஒவ்வொன்றையும் போட்டபின் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம். அதை நான் இன்றும் செய்கிறேன்.

புது மேகசின்

பிஸ்டலோடு வந்த பழைய மேகசின் நாற்பது வருஷம் பழகியது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் விரிந்துவிட்டது. ரைபிள் கிளப்பில் முதல் நாளே அங்கே பயிற்சி கொடுக்கிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இதை நம்பாதீங்க. வேற ஒன்னு தேடுங்க" என்றார். இந்தப் பழைய மாடலுக்கு எங்கே தேடுவது? தேடி அலைந்ததில், வெளியூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் எண்ணெய்த்தாளில் சுற்றியபடியே ஒன்று கிடைத்தது. எந்த வருஷத்துச் சரக்கோ. ஆனால் ஒரு முறைகூடத் தோட்டா ஏறாதது. லைசென்ஸில் பதிந்து, பில் போட்டு வாங்கி வந்தேன்.

புது மேகசினைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே தோட்டாவைத் தாங்குகிற தட்டு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். விரலால் அமுக்கினால் ஒரு முனகலோடு இறங்கி, விட்டதும் படக்கென்று ஏறும். அடிமூடியைக் கழற்றும்போது கவனமாக இல்லாவிட்டால் ஸ்பிரிங் எகிறி அலமாரிக்குக் கீழே போய்விடும், எனக்குப் போனது. எடுத்துப் பார்த்தால் மேகசினைவிட அது ரொம்ப நீளம். அதாவது, ஒரு தோட்டாகூட இல்லாத காலி மேகசினிலேயே அது ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. அதற்கு மேல்தான் ஒவ்வொரு தோட்டாவும் தன் பங்குக்கு எட்டு மில்லிமீட்டர் அமுக்குகிறது. ராபர்ட் ஹூக் 1678இல் எழுதி வைத்த விதிதான்: எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு விசை. முதல் தோட்டாவுக்கு ஒரு பங்கு, ஏழாவதுக்கு ஏழு பங்கு கூடுதல். எட்டாவது வரும்போது விசை உச்சத்தில் இருக்கிறது, விரலோ ஏழு தோட்டா போட்டுக் களைத்திருக்கிறது.

போடும் முறை இது. இடது கையில் மேகசின், முன்பக்கம் வலது கையைப் பார்த்தபடி. அதன் அடி மேசையில், கீழே மடித்த துண்டு. மேலே இருக்கிற தோட்டாவின் முதுகில் புதுத் தோட்டாவின் அடியை வைத்து, முன்னாலிருந்து கீழே அழுத்தி, அழுத்தியபடியே பின்னுக்குத் தள்ள வேண்டும். வாயின் இரண்டு உதடுகளுக்கும் அடியில் அது நுழைய வேண்டும். நான்கு வரைக்கும் இதில் ஒரு சுகம்கூட உண்டு. ஐந்தில் இருந்து மூச்சைப் பிடிக்க வேண்டும். ஆறில் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று, உடம்பு எடையைக் கைக்கு இறக்க வேண்டும். ஏழில் இடது கட்டைவிரலும் சேர்ந்து மேல் தோட்டாவை அமுக்கிப் பிடிக்க, வலது கை தள்ளும். எட்டில், பித்தளை வழுக்கி விரல் நேராக உதட்டில் போய் விழும். அதுதான் அந்த இரண்டு கோடு.

பழைய மேகசினில் எட்டும் எனக்குச் சாதாரணமாகப் போகும். அப்பா பார்க்காத நேரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மணலில் விழுந்தது

ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு வழியாக எட்டாவதை உள்ளே தள்ளிவிட்டேன். அம்மாவிடம்கூடக் காட்டினேன், ஏதோ பரிட்சையில் பாஸானது மாதிரி. அடுத்த வாரம் கிளப்புக்குக் கொண்டு போனேன். அங்கேதான் மானம் போனது.

ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளும் பாகம், மூடியிருந்தது. முழு மேகசினை அடியில் செருகினேன், "க்ளிக்" கேட்டது போல இருந்தது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டேன். குறி பார்த்தேன், விசையை அழுத்தினேன். டிக். குண்டு இல்லை. பக்கத்துத் தடத்தில் இருந்த கல்லூரிப் பையன் திரும்பிப் பார்த்தான். குழாயைக் குறிப்பலகை பக்கமே வைத்துக்கொண்டு என்ன என்று யோசிப்பதற்குள், மேகசின் தானாகவே கழன்று மணலில் விழுந்தது. எட்டுத் தோட்டாவும் அப்படியே அதில் இருந்தன.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. மணலில் இருந்து எடுத்துத் துடைத்து, மேல் தோட்டாவை விரலால் அமுக்கிக் காட்டினார். அசையவில்லை. "இது மேல ஒரு நூல்கூட இடம் இல்ல பாருங்க மேடம். மூடின ஸ்லைடுக்கு அடியில போகணும்னா இது இன்னும் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்க இடமில்லாததால கொக்கி மாட்டலை." அதாவது, ஸ்லைடின் அடிப்பாகம் மேல் தோட்டாவைத் தொட்டு அமுக்குகிறது. மேகசின் முழுசாக உட்கார வேண்டுமானால் எட்டுத் தோட்டாவும் சேர்ந்து இன்னும் ஒரு மயிரிழை கீழே போக வேண்டும். பழகிய ஸ்பிரிங் போகும். இந்தப் புதுசு போக மறுக்கிறது. கை பட்டதும் மாட்டியது போலத் தெரிந்தது பொய். மேகசின் ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றதால் ஸ்லைடு தோட்டாவைத் தொடாமலே மேலே போய்விட்டது. ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டுச் செருகினால் இந்தத் தகராறு இல்லை. மூடியிருந்தால் அடியில் உள்ளங்கையால் நன்றாக அறைய வேண்டும், பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும்.

"இல்லைன்னா ஒன்னு குறைச்சுப் போடுங்க" என்றார் கடைசியில்.

மலை ஏறி வரும் வழி முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது. அப்பா சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார். ஆனால் காரணம் வேறு. அப்பா ஸ்பிரிங் செத்துப்போகும் என்கிறார், இவர் ஸ்பிரிங் சாகாததால்தான் பிரச்சினை என்கிறார்.

கவாத்துக் கத்தரி

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் படித்தேன். கொஞ்சம் படித்ததும் தெரிந்துவிட்டது. ஒழுங்காகச் செய்த ஸ்பிரிங், அதன் எல்லைக்குள் அமுங்கி இருக்கும் வரை, அமுங்கியே கிடப்பதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதைக் கொல்வது ஆட்டம். ஆயிரக்கணக்கான முறை அமுங்கி விரிந்து, விரிந்து அமுங்கி, கம்பியில் களைப்பு ஏறுகிறது. புது ஸ்பிரிங் முதல் சில தடவை முழுசாக அமுங்கும்போது ஒரு சிறு அளவு நிரந்தரமாகக் குட்டையாகிறது. அதோடு நின்றுவிடும். புது மேகசினை முழுசாகப் போட்டுச் சில நாள் வைத்திருங்கள் என்று பழக்கமுள்ளவர்கள் சொல்வது அந்த முதல் உட்காருதலுக்காக. தராசு? அந்தத் தராசின் எல்லை 50 கிலோ. ஈரப் பழம் நிறைந்த மூட்டை அதற்கு மேல் போகும். எல்லை தாண்டியதால் முள் திரும்பவில்லை, ராத்திரி முழுக்கத் தொங்கியதால் மட்டும் இல்லை.

எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. ஸ்டோர் ரூமில் கவாத்துக் கத்தரிகள் இருக்கும். செடி கவாத்து செய்கிற கத்தரிக்கு இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சுருள் ஸ்பிரிங். வேலை முடிந்ததும் கொக்கியை மாட்டி மூடி வைப்பார்கள், அப்போது அது முழுசாக அமுங்கி இருக்கும். தினமும் வேலைக்குப் போகிற கத்தரியின் ஸ்பிரிங் இரண்டு மூன்று சீசனில் தொய்ந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் மூடியபடியே பல வருஷமாகக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். துரு பிடித்திருந்தது. கொக்கியைத் தட்டியதும் டக்கென்று விரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் வைத்தேன். ராத்திரி ஏழு மணி இருக்கும். வராண்டாவில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வழக்கறிஞர் மாதிரி வாதாடினேன். தராசுக்குக் கணக்குச் சொன்னேன். பிரெனுக்கும் சொன்னேன், முப்பது தோட்டாவை வளைந்த பெட்டியில் அடுக்கும் சங்கதி வேறு, எட்டை ஒற்றை வரிசையில் அடுக்கும் சங்கதி வேறு என்று. கத்தரியை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினேன். "இது எத்தனை வருஷமா அமுங்கியே கெடக்குதுப்பா. செத்துப்போச்சா?"

அப்பா கத்தரியை வாங்கிப் பார்த்தார். "இல்லதான்" என்றார். அப்புறம், "அந்த மேகசினைக் கொண்டா கண்ணு" என்றார்.

லைசென்ஸ் என் பேரில். ஆகையால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். காலி மேகசினையும் தோட்டாப் பெட்டியையும் வைத்தேன். பிஸ்டல் பீரோவிலேயே இருந்தது. மடியில் துண்டை விரித்து, மேகசினைத் தொடை மேல் நிறுத்தி, அப்பா போட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் மேகசினைக் கை மாற்றிப் பிடித்தார். ஐந்தாவது பாதி நுழைந்து வெளியே வந்தது. மறுபடி வைத்தார், போனது. ஆறாவதை வைத்து அழுத்தினார், கை நடுங்கியது. தோட்டா வழுக்கித் தரையில் உருண்டு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் எடுத்துக் கொடுத்தேன். வேஷ்டி நுனியில் துடைத்து மறுபடி வைத்தார். போகவில்லை. அவர் கட்டைவிரல், நுனி இல்லாத அந்தக் கட்டைவிரல், தோட்டா மேல் சரியாக உட்காரவே இல்லை.

அந்த விரலை நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பே பழம் உரிக்கிற பல்ப்பரில் மாட்டி, முதல் கணுவுக்கு மேல் போய்விட்டது. கையெழுத்துப் போடும்போது பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைப்பார், சோற்றைக் கொஞ்சம் வேறு மாதிரி உருட்டுவார். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை. எல்லா அப்பாக்களுக்கும் விரல் அப்படித்தான் இருக்கும் என்று ரொம்பச் சின்ன வயதில் நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக மேகசினையும் ஏழையும் எட்டையும் பற்றிப் பேசியிருக்கிறோம். அந்த விரலையும் அந்த எட்டையும் ஒரே நேரத்தில் நான் யோசித்ததே இல்லை.

அப்பா ஐந்து தோட்டாவோடு மேகசினை மேசையில் வைத்தார். ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"எட்டாவது எனக்கு எப்பவுமே ஏறினதில்ல கண்ணு. பழசுலயும்தான்."

நான் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் திரும்ப மூடிக் கொக்கி மாட்டினேன். அம்மா உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

காப்பிக் கட்டை

அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தராசு உண்மையாகவே முள் திரும்பாமல் நின்றது. மிலிட்டரித் தாத்தா உண்மையாகவே 28 என்றார். இரண்டு நல்ல காரணம் கையில் இருக்கும்போது மூன்றாவதை யார் தேடிப் போவார்கள்? பதினைந்து இருபது வருஷம், ஏழு தோட்டாவோடு, ஊரார் சம்பளத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த 20 வளைவையும் ஏறியவர் அவர். ஜீப்பில் இருந்த டிரைவரிடம் "எனக்கு எட்டு ஏறாது" என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன வந்தது. தவிர, புது மேகசினும் மூடிய ஸ்லைடும் என்று வரும்போது அவர் சொன்னபடிதான் நடந்தது. காரணம் தப்பு, காரியம் சரி. எனக்குக் காரணம் எல்லாம் தெரியும், மேகசின் மணலில் கிடந்தது.

அடுத்த வாரம் தோட்டத்துக்கு வரும் ஆசாரியிடம் ஒரு வேலை சொன்னேன். காப்பிக் கட்டை நல்ல கெட்டி, அடர்த்தி. இங்கே அதில் கைத்தடி, பொம்மை எல்லாம் செய்து விற்கிறார்கள். பிடுங்கிப் போட்ட ஒரு கிழட்டுச் செடியின் தூரில் இருந்து மூன்று அங்குலத் துண்டு. ஒரு முனை உள்ளங்கைக்கு அடங்கும்படி உருண்டை. மறுமுனையில் தோட்டாவின் முதுகு உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம். மேல் தோட்டாவை இதால் அமுக்கிப் பிடித்துக்கொண்டால், அடுத்ததை முன்னாலிருந்து நுழைக்க விரலுக்கு வேலையே இல்லை. வெளிநாட்டில் இதற்கென்றே பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான், பலத்தை உள்ளங்கைக்கு மாற்றுவது. ஆசாரி இதை எதற்கென்று கேட்கவில்லை. மூன்றாவது தடவையில் பள்ளம் சரியாக அமைந்தது. கூலி வாங்க மாட்டேன் என்றார், மிளகு கொடுத்தேன்.

புது மேகசினை எட்டுப் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்ததில் ஒரு சின்ன இளக்கம் இருந்தது. மேல் தோட்டாவை அமுக்கினால் ஒரு நூல் இறங்கியது. கொக்கி மாட்டியது. இன்னும் ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இது எங்களுக்குப் பழகிய சடங்கு. அப்பாவும் கூட வந்தார், நாற்பது வருஷமாக அவர் ஒப்படைத்த பொருள். ஏட்டு ஒவ்வொன்றாக எழுதினார். பிஸ்டல் ஒன்று, மேகசின் இரண்டு, தோட்டா எண்ணி இத்தனை. பையின் அடியில் இருந்து கட்டையும் வந்து விழுந்தது.

"இது என்னங்க மேடம்? இதையும் எழுதணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அது தோட்டத்துச் சாமானுங்க" என்றார்.

ஓட்டு எண்ணி முடித்து, ஜூனில் எல்லாம் திரும்பி வந்தது. வந்த அன்று ராத்திரி அதே வராண்டாவில், அதே துண்டை விரித்து, அப்பா புது மேகசினில் தோட்டா போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐந்தில் இருந்து கட்டையை எடுத்துக்கொண்டார். ஆறு, ஏழு. எட்டாவது கொஞ்சம் இழுத்தது, பிறகு கட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது. அப்பா மேகசினை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் மேல் தோட்டாவை ஆள்காட்டி விரலால் முன்னுக்குத் தள்ளி வெளியே எடுத்து, பெட்டியில் போட்டுவிட்டார்.

"ஏன்ப்பா?"

"இருக்கட்டும் கண்ணு. ஸ்பிரிங் பாவம்."